மீன் பெட்டியில் ஒரு ஏசி

"தாயி, ஏசியிலயே வளந்த பறவை இந்த வெயில்ல எத்தனை நாள் தாங்கும்?"

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமீரகத்தின் அல் ஐன் நகரத்தில் நான் வேலை பார்க்கும் ராஜாளி மருத்துவமனைக்கு அன்று வந்த முதல் அழைப்பு அது. பேசியவர் முனியசாமி. எங்கள் கட்டடத்தின் ஏசிகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் குரலை வைத்தே ஆளைத் தெரியும். "ஃபில்டர் கழுவணும், நாளைக்கு வாரேன்" என்பதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவருக்கு மூச்சு வாங்கியது.

எந்தப் பறவை என்று கேட்டேன்.

"அர்பாப்போட ரீம். நான்தான் தாயி பறக்க விட்டுட்டேன்."

அர்பாப் என்பது அவருடைய முதலாளி. எங்கள் கட்டடமும் அவருடையதுதான். நகரத்தில் இன்னும் நான்கு கட்டடங்களும், நாற்பது நிமிடத் தொலைவில் மணல்மேடுகளின் ஓரத்தில் ஒரு பண்ணையும் அவருக்கு உண்டு. ரீம் அந்தப் பண்ணையில் வளர்ந்த வேட்டை ராஜாளி. குளிர்நாட்டு இனத்தின் கலப்பு. கோடையில் இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் மாதங்கள் முழுக்க, இருபத்திரண்டு டிகிரி அறையை விட்டு வெளியே வராது. வேட்டைக் காலத்தில் வாலில் கட்டும் டிரான்ஸ்மிட்டரையும் அப்போது கழற்றி வைத்திருப்பார்கள். பறந்துபோனால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். நிழலும் தண்ணீரும் கிடைத்தால் ஐந்து நாள். மிஞ்சினால் ஆறு.

"நேத்தையும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்ப வியாழக்கிழமை," என்றார். "வெள்ளிக்கிழமை காலையில அர்பாப் ஊருலேருந்து வந்துருவாரு."

மேற்கொண்டு நடந்தவற்றில் பெரும்பகுதி அவரும் பண்ணை மேலாளர் ஜெய்னுலாப்தீனும் சொன்னது. கொஞ்சத்தை மட்டும் நான் நேரில் பார்த்தேன்.

முனியசாமிக்கு நாற்பத்தாறு வயது. கமுதிக்குப் பக்கத்து ஊர். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் கலவை சுமக்க வந்தவர். இரண்டாம் வருடம் கேம்ப் அறையில் ஏசி நின்றுபோய், பன்னிரண்டு பேர் புழுங்கிக் கிடந்தபோது, சாப்பாட்டுக் கரண்டியின் காம்பால் திருகைக் கழற்றித் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே அழுக்கு அடைத்துப் பனிக்கட்டி கட்டியிருந்தது. அதைச் சரிசெய்த நாளிலிருந்து அவர் ஏசி மிஸ்திரி. பிறகு முறையாகக் கற்றுக்கொண்டார். ஒரு கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே அதற்கு இன்னும் எத்தனை மாதம் ஆயுள் என்று சொல்லிவிடுவார். அப்படியும் அவர் வாங்கிய வசவுகளில் முக்கால்வாசி கம்ப்ரஸரால் வந்தவை இல்லை, ஏசித் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பால் வந்தவை. தண்ணீர் சோபாவில் சொட்டுகிறது, சுவரில் இறங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரன் கார் மேல் விழுகிறது என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள். ஊரிலிருந்து மனைவி ராக்கம்மா வேறு, "ஊரு ஒலகத்தையெல்லாம் குளுர வைக்கிறீக. இங்க நம்ம வீட்டு ஃபேன் கொர்ரு கொர்ருன்னு கத்துது, கேக்க நாதியில்ல," என்பார்.

தப்பு நடந்தது சனிக்கிழமை. பண்ணையில் ராஜாளிகளின் அறை பழையது. சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய ஜன்னல் ஏசிகள். கோடையில் ஒருமுறை ஏசியை வெளியே இழுத்து, திண்டு மேல் வைத்து, பம்ப் போட்டுக் கழுவ வேண்டும். ராஜாளிகளைப் பராமரிக்கும் பீர் ஜான் அறுபதை நெருங்கிய பலூச்சிக்காரர். "தொழுதுவிட்டு வருகிறேன், பறவைகளைப் பக்கத்து அறைக்கு மாற்றிய பிறகு கழற்று," என்று உருதுவில் சொல்லிவிட்டுப் போனார். முனியசாமி தலையாட்டினார். அன்று இன்னும் மூன்று இடத்தில் வேலை இருந்தது. ஏசியை இழுத்து வெளியே வைத்தார். ஓட்டையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். லேபர் கேம்பில் பதினேழு வருடமாகச் செய்கிற வேலை. அரை மணி நேரத்துக்கு ஒரு அட்டை போதும். உள்ளே இருக்கும் மனிதர்கள் அதைத் தள்ள மாட்டார்கள்.

வெயிலில் டேப்பின் பசை இளகியது. உள்ளே இருந்த ரீமுக்கு ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். பம்ப் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் தரையில் ஒரு நிழல் ஓடியபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். சாம்பல் நிறச் சிறகுகள் பேரீச்ச மரங்களுக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. கீழே அட்டை கிடந்தது.

ஜெய்னுலாப்தீன் கீழக்கரைக்காரர், இருபத்திரண்டு வருடமாக அந்தப் பண்ணையின் மேலாளர். கோபத்தில் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"முனியா, அதுக்கு பாஸ்போர்ட் இருக்கு தெரியுமா? உன் பாஸ்போர்ட்ட விட பத்திரமா வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பறவை ரூமுல இருக்கணும். இல்லைன்னா அர்பாப் உன் விசாவ கேன்சல் பண்ணுவாரு. நான் குறுக்க நிக்க முடியாது."

"நிக்க வேணாம் பாய். தேடுறதுக்கு மட்டும் விடுங்க."

ஞாயிறு மதியம் ஒட்டகம் மேய்ப்பவர் தகவல் கொண்டுவந்தார். பண்ணையின் பின்பக்கம், காஃப் என்னும் பாலைவன மரங்களைத் தாண்டி ஒட்டகத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டரை மணிக்கு மேல் ஒரு ராஜாளி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, வாயைப் பிளந்தபடி இருந்துவிட்டுப் போனதாம். இறகு உதிர்க்கும் காலம் என்பதால் ரீமால் தூரம் பறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே பீர் ஜான் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக் கட்டினார். இடுப்பு உயரக் கம்பிச் சட்டம், மேலே சாக்கு, அதன் மேல் காய்ந்த பேரீச்ச ஓலை. ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். பன்னிரண்டு அடி தள்ளி, கால் கட்டிய புறா ஒன்று. அதைச் சுற்றி அரைவட்டக் கம்பியில் வலை. மறைப்புக்குள்ளிருந்து கயிற்றை இழுத்தால் வலை எழுந்து கவிழும். முன்னாளில் வேட்டைக்காரர்கள் ராஜாளி பிடித்த முறை.

பீர் ஜான் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனார். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. உள்ளே எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்றரை மணிக்கு நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்து வாந்தி எடுத்தார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ரீம் வந்தது, தண்ணீர் குடித்தது, போனது.

"இன்னொரு நாள் உக்காந்தா கெழவன் செத்துருவாரு," என்றார் ஜெய்னுலாப்தீன்.

"நான் உக்காருறேன் பாய்."

"நீ மட்டும் இரும்பா? பன்னெண்டரையிலேருந்து மூணு வரைக்கும் வெயில்ல யாரையும் வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எவனாவது பாத்தா நான் உள்ள போகணும்."

"வேலை எங்க பாய் செய்யப் போறேன்? சும்மா உக்காந்திருக்கப் போறேன். ஏசியோட."

"ஏசியா? ஒட்டகத் தொட்டிக்கிட்டயா? கரண்ட் எங்கப்பா?"

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்தால் சத்தம். முனியசாமி அன்று மாலை நகரத்துக்குப் போய், மலையாளி மீன்கடையில் இரண்டு பெரிய தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தார். பண்ணையில் பழுதாகிக் கிடந்த பிக்கப் வண்டியின் டேஷ்போர்டைப் பிரித்து, உள்ளே இருந்த, காற்றைக் குளிர்விக்கும் சின்னக் காயிலையும் அதை ஊதித் தள்ளும் ப்ளோயரையும் எடுத்தார். பெட்டியில் ஐஸ் தண்ணீர். அதை ஒரு குட்டி மோட்டார் காயிலுக்குள் சுற்றிவிடும். காயிலின் பின்னால் ப்ளோயர். எல்லாம் வண்டி பேட்டரியில் ஓடும். ராஜாளிகளுக்குத் தீனி வைக்கும் ஃப்ரீசரில், உறைந்த காடைகளுக்கு நடுவே, லபன் என்னும் மோர் வந்த காலி கேன்களில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

பீர் ஜான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையிலிருந்து அவர் முனியசாமியிடம் பேசவில்லை. அன்றுதான் வாய் திறந்தார். "மிஸ்திரி, நீயா ராஜாளி பிடிக்கப்போகிறாய்? முதலில் ஒரு ஓட்டையை ஒழுங்காக மூடப் பழகு."

"அச்சா, சாச்சா," என்றார் முனியசாமி. கை வேலையை நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மறைப்புக்குள் உட்கார்ந்தார். ப்ளோயர் முழு வேகத்தில் ஓடியது. கால் மணி நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் சாக்குக் கூரை வழியாக இறங்கிய அனல் அத்தனை குளிரையும் விழுங்கிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு வைத்திருந்த ஐஸ் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரம் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டே முக்காலுக்கு ரீம் வந்தது. தாழ இறங்கியதும் ப்ளோயரின் இரைச்சல் கேட்டிருக்க வேண்டும். மறைப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது.

"அன்னைக்குத்தான் தாயி அழுதேன்," என்றார் என்னிடம். "அது தாகத்தோட போச்சு பாருங்க. என் ப்ளோயராலதான்."

திரும்பி நடக்கும்போது யோசித்தார். தண்ணீர் சொட்டுவதை விட்டால், கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அறை குளிரவில்லை என்றே கூப்பிடுவார்கள். இத்தனை டன், இத்தனை அடி என்று அவரும் அறைக்குத்தான் கணக்குப் போடுவார். இந்த மறைப்பை எந்த ஏசியாலும் குளிர வைக்க முடியாது. உள்ளே உட்காரும் ஆளைக் குளிர வைக்கலாம். அதற்கு ப்ளோயர் வேண்டாம்.

நேரே ஜெய்னுலாப்தீனின் அலுவலக அறைக்குப் போனார்.

"பாய், இந்தப் பழைய கம்ப்யூட்டர எடுத்துக்கட்டா?"

"எதுக்கு?"

"உள்ள ரெண்டு சின்ன ஃபேன் இருக்கும். சத்தமே வராது."

"டேய், அதுல என் மக கல்யாண போட்டோவெல்லாம் இருக்குடா!"

"போட்டோ ஃபேன்ல இல்ல பாய்."

புதன்கிழமை காலைக்குள் இரண்டாவது பெட்டி தயார். காயிலுக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர் விசிறிகள். முன்னால் ஏசிக் குழாய்த் துண்டு ஒன்று வளைந்து வந்து நெஞ்சுக்கு நேராக நிற்கும். குட்டி மோட்டார் தெர்மாகோலில் பட்டு உறுமியது. பெட்டியே மத்தளம் மாதிரி அதைப் பெரிதாக்கியது. செம்புக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரையை வெட்டி மோட்டாருக்கு அடியில் வைத்ததும் சத்தம் அடங்கியது. பேட்டரியை மணலில் புதைத்தார். அரை மணிக்கு ஒருமுறை முதல் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டி எடுத்துப் போட வேண்டும். போடப் போட நிரம்பும் தண்ணீருக்கு மேல்பக்கம் ஒரு துளை போட்டு, ஒரு குழாயைச் செருகி, சாக்குக்கு அடியில் வெளியே தள்ளிவிட்டார். அது எங்கே போய்ச் சொட்டும் என்று பார்க்கவில்லை. ட்ரெயின் பைப் வெளியே போனால் சரி.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தார். தோளும் முதுகும் வெந்தன. நெஞ்சிலும் கழுத்திலும் மட்டும் மெல்லிய குளிர்காற்று. தாங்க முடிந்தது. ஒரு மணி, இரண்டு மணி. ஐஸ் மிச்சம் இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு ரீம் வந்தது. தொட்டியில் இறங்கி, அலகைத் தண்ணீரில் வைத்து, உடனே எடுத்தது. மதியத்தில் அந்தத் தொட்டித் தண்ணீரில் டீத்தூள் போட்டால் டீயாகிவிடும். புறா சிறகடித்தது. ரீம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனியசாமி கயிற்றை இறுகப் பிடித்தார்.

பிறகு அது பறந்து, அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போயிற்று. போய்விட்டது என்று நினைத்தார். வலது கை ஓரமாக ஏதோ சரசரத்தது. சாக்கின் இடைவெளியில் பார்த்தார். ஒரு முழ தூரத்தில் ரீம் நின்றுகொண்டிருந்தது. ட்ரெயின் பைப் சொட்டிய ஈர மணலில், சிறகுகளைத் தொங்கவிட்டு, கால்களை அந்த ஈரத்தில் அழுத்தி வைத்திருந்தது. குழாயின் வாயில் சேரும் சொட்டை அலகால் வாங்கிக் குடித்தது.

வலை அந்தப் பக்கம் இருந்தது. கையை நீட்டினால் பறந்துவிடும். பதினெட்டு நிமிடம் அவர் அசையவில்லை. ஐஸ் போட வேண்டிய நேரம் வந்தும் போடவில்லை. குடித்து முடித்து அது தானாகப் பறந்தது.

பண்ணைக்கு வந்து சொன்னபோது ஜெய்னுலாப்தீன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கையில கெடைச்சத விட்டுட்டு வந்து நிக்கிறியேப்பா!"

பீர் ஜான் மட்டும் எழுந்து உட்கார்ந்தார். "இந்த வெயிலில் அதற்குப் பசி வராது. தாகம்தான் வரும். எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்," என்றார். பிறகு, "உன் குழாயை வலைக்குள் கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டார்.

"பன்னெண்டு அடி. போற வழியில தண்ணி சூடாயிரும், சாச்சா."

சொல்லிவிட்டு முனியசாமியே சிரித்தார். தண்ணீர் சூடாகாமல் குழாய் இழுப்பதுதான் அவருடைய தொழில். வியாழக்கிழமை விடிந்ததும் மறைப்பிலிருந்து வலையின் நடு வரைக்கும் ஒரு வாய்க்கால் தோண்டினார். அடிக்கு அரை விரல் சரிவு. ட்ரெயின் பைப் முழுக்கக் கறுப்பு நுரை சுற்றி, மேலே டேப் போட்டு, மணலால் மூடினார். டேப்பை இந்த முறை மூன்று சுற்று சுற்றினார். குழாயின் வாய்க்குக் கீழே ஒரு பானை மூடியைப் புதைத்து வைத்தார். புறாவை பீர் ஜான் கட்டவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று காற்று அனலாக வீசியது. ஐஸ் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது. இரண்டு மணிக்குப் பாதி போய்விட்டது. இரண்டே முக்காலுக்கு ரீம் வரவில்லை. மூன்று மணிக்கு இரண்டு கட்டிகள் மிச்சம். காயிலில் சுற்றினால் தண்ணீர் அவர் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும். பானை மூடியில் விழுவது வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டியிலேயே இருக்கிறது.

முனியசாமி விசிறிகளை நிறுத்தினார். காயிலுக்குப் போகும் குழாயைப் பிடுங்கி ட்ரெயினில் சொருகினார். மோட்டார் ஐஸ் தண்ணீரை நேராக வலைக்கு அனுப்பியது. நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்த குளிர் நின்றது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. பிறகு வியர்வையும் நின்றுவிட்டது. அது கெட்ட அறிகுறி என்று கேம்ப் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே போய்விடலாம் என்று தோன்றியபோதெல்லாம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். கடைசிக் கட்டி உள்ளங்கையளவு ஆகியிருந்தது.

காஃப் மரத்திலிருந்து ரீம் பறந்து வரவில்லை, கிட்டத்தட்ட விழுந்து வந்தது. தொட்டிப் பக்கமே போகவில்லை. நேராகப் பானை மூடிக்கு வந்து, இரண்டு காலையும் தண்ணீரில் வைத்து, தலையைக் குனிந்தது. முனியசாமி குடிக்க விட்டார். மூன்று வாய் குடித்ததும் கயிற்றை இழுத்தார்.

தூரத்தில் வண்டியில் இருந்த பீர் ஜான் அந்த வயதில் ஓடி வந்தார். வலையின் மேல் துணியைப் போட்டு, பறவையை அணைத்து எடுத்து, தலைக்குக் கண்ணை மறைக்கும் தொப்பி மாட்டினார். அதன் பிறகே மறைப்பின் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஜெய்னுலாப்தீன் முனியசாமியை வெளியே இழுத்து, மீன் பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தார்.

நாலரை மணிக்கு மூவரும் பறவையோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்டர் ரீமுக்கு நீரேற்றினார். எடை குறைந்திருந்தது, இறகு ஒன்றும் முறியவில்லை. முனியசாமிக்கு நான் உப்புக் கரைசல் கலக்கிக் கொடுத்தேன். பக்கத்து கிளினிக்குக்குப் போகச் சொன்னதற்கு, பறவை கண் திறக்கட்டும் என்றார். வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். மூலையில் இருந்த ஏசியிலிருந்து சுவரில் ஈரம் இறங்கியிருந்தது.

"ட்ரெயின் அடைச்சிருக்கு தாயி. வந்து எடுத்து விடணும்."

"எப்போ வருவீங்க?"

"நாளைக்கு அர்பாப் வாராரு. இருந்தா சனிக்கிழமை வாரேன்."

வெள்ளிக்கிழமை நடந்ததை ஜெய்னுலாப்தீன் சொன்னார். அர்பாப் விமான நிலையத்திலிருந்து நேரே ராஜாளி அறைக்கு வந்தார். ரீமின் மார்பைத் தடவிப் பார்த்தார். சிறகை விரித்து இறகுகளை எண்ணினார். பிறகு நடந்ததைக் கேட்டறிந்து, ஏசி ஓட்டைக்கு முன்னால் போய் நின்று, அட்டை வைத்தது யார் என்று கேட்டார்.

"நான்," என்றார் முனியசாமி.

யார் பிடித்தது என்று கேட்டார். முனியசாமி பீர் ஜானைப் பார்த்தார். பீர் ஜான் விரலை நீட்டி முனியசாமியைக் காட்டினார். அந்தப் பெட்டியைக் கொண்டுவா என்றார் அர்பாப். வந்ததும் மூடியைத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்துப் பார்த்து, "மீன் நாற்றம்," என்றார். நேரே வீட்டுக்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து உத்தரவு வந்தது. பண்ணையில் ஒரு ஜன்னல் ஏசியும் இருக்கக் கூடாது. எல்லா ஓட்டைகளையும் கல் வைத்துப் பூசி, ஸ்ப்ளிட் ஏசி மாட்ட வேண்டும். அந்த வேலை முடியும்வரை முனியசாமிக்கு லீவு கிடையாது. விசா கேன்சல் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகஸ்டில் ஊருக்குப் போவதாக இருந்தார். ராக்கம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழுக் கதையையும் சொல்லி, கடைசியில் அதைச் சொன்னாராம்.

"பறவையே ஆறு நாள்ல வீடு வந்து சேந்துருச்சு," என்றாராம் ராக்கம்மா. "நீங்க எப்ப?"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முனியசாமி எங்கள் மருத்துவமனைக்கு ஏணியோடு வந்தார். ட்ரெயின் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி கேட்டார். கொடுத்தேன்.